பூட்ட மட்டும் தெரிந்த சர்வர்: வலைப்படிவச் செய்திகளுக்கு ஜிபிஜி மறையாக்கம்

ஒரு வழக்கறிஞரின் தளத்திலோ மனநல ஆலோசனை மையத்தின் தளத்திலோ 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு படிவம் இருக்கும். வேறு யாரிடமும் சொல்லாததை மக்கள் அதில் எழுதுகிறார்கள். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் தெரிவதால், எழுதியது பத்திரமாகப் போய்ச் சேரும் என்று நம்புகிறார்கள். அந்தச் சின்னம் குறிக்கும் டிஎல்எஸ் காப்பது பிரவுசருக்கும் சர்வருக்கும் இடைப்பட்ட வழியை மட்டும்தான். சர்வரைத் தொட்டதும் செய்தி வெறும் எழுத்தாகிவிடுகிறது. அதன்பின் தரவுத்தளத்தில் ஒரு வரியாக, அஞ்சல் வரிசையில் ஒரு கோப்பாக, மின்னஞ்சல் பெட்டியில் ஒரு மடலாக, இரவில் எடுக்கும் பேக்கப்பில் ஒரு பிரதியாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தளம் உடைக்கப்படும் நாளில் போவது அன்றைய செய்தி மட்டுமல்ல. அதுவரை எல்லோரும் எழுதிய எல்லாமும்தான்.

இதைத் தடுக்கும் கருவி, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் மறையாக்கம், நெடுங்காலமாக நம்மிடம் இருக்கிறது. 1991-இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி, பின்னர் ஓபன்பிஜிபி என்ற பொதுத் தரமாயிற்று. வெர்னர் கோக் எழுதிய கட்டற்ற மென்பொருளான குனு பிரைவசி கார்ட், சுருக்கமாக ஜிபிஜி, 1999-இல் முதல் முழுப் பதிப்பை எட்டியது. இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸ் சர்வரிலும் அதை ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். நிறுவுவதில் கடினம் ஒன்றும் இல்லை. எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஓபன்பிஜிபியில் சாவிகள் இரண்டு. பொதுச் சாவியால் பூட்டலாம், திறக்க முடியாது. தனிச் சாவிதான் திறக்கும். கோயில் உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம், திறக்கும் சாவி உண்டியலிலேயே தொங்காது அல்லவா? அதுபோல வெப் சர்வரில் பொதுச் சாவி மட்டுமே இருக்க வேண்டும். தனிச் சாவி ஒரு நிமிடம்கூட அங்கே இருக்கக்கூடாது. 'கடவுச்சொல் போட்டுத்தானே வைத்திருக்கிறேன்' என்பதும் காப்பாற்றாது, அந்தக் கடவுச்சொல்லையும் அதே சர்வரில்தானே தட்டச்சு செய்தாக வேண்டும்?

இதைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் சான்றாக நிற்கின்றன. கனடாவின் ஹஷ்மெயில் மறையாக்கிய மின்னஞ்சல் சேவை தந்த நிறுவனம். பயன்படுத்த எளிதாக இருக்கட்டும் என்று, மறை நீக்கும் வேலையைச் சர்வரே செய்யும் ஒரு வழியையும் வைத்திருந்தது. அவ்வழியில் பயனரின் கடவுச்சொல் ஒரு கணம் சர்வருக்கு வந்து போகும். நீதிமன்ற ஆணையின் பேரில் மூன்று கணக்குகளின் மடல்கள், மறை நீக்கிய வடிவில், 12 குறுவட்டுகளில் ஒப்படைக்கப்பட்டது 2007-இல் வெளியே தெரிந்தது. அமெரிக்காவின் லாவாபிட், வந்து சேரும் மடலைப் பயனரின் பொதுச் சாவியால் பூட்டியே சேமித்தது. ஆனால் பயனர் உள்நுழையும்போது கடவுச்சொல் சர்வருக்கு வந்து, அங்கேயே மடல் திறந்தது. 2013-இல் எஃப்பிஐ அந்நிறுவனத்தின் டிஎல்எஸ் சாவியைக் கேட்டது. அந்தச் சாவி கிடைத்தால் எல்லாக் கடவுச்சொற்களையும் வழியிலேயே படிக்கலாம். நிறுவனர் லேடார் லெவிசன் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சேவையையே மூடினார். இரண்டு இடங்களிலும் கணிதம் தோற்கவில்லை. திறக்கும் வேலை சர்வரில் நடந்தது, அதுதான் ஓட்டை.

செய்தியாளர்களுக்குத் தகவல் தருவோருக்கான செக்யூர்டிராப் இதன் எதிர்ப்பக்கம். ஆரன் ஸ்வார்ட்ஸ் தொடங்கிவைத்து, இப்போது ஃப்ரீடம் ஆஃப் தி பிரஸ் ஃபவுண்டேஷன் பராமரிக்கும் அந்த அமைப்பில், வந்த ஆவணத்தைச் சர்வர் பொதுச் சாவியால் பூட்டி வைக்கும். திறக்கும் சாவி, எந்த வலையோடும் இணையாத தனிக் கணினியில் மட்டும் இருக்கும். நம் படிவத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை, கொள்கை மட்டும் அதேதான்.

சாவி தயாரித்தல்

சாவியைச் சர்வரில் உருவாக்க வேண்டாம். செய்திகளைப் படிக்கப்போகும் மடிக்கணினியில் உருவாக்குங்கள். 'ஃபுல்-ஜெனரேட்-கீ' கட்டளை சாவியின் வகையைக் கேட்கும். வளைகோட்டு வகையில் கர்வ் 25519 நல்ல தேர்வு. படிக்கும் கருவிகளில் பழையவை இருந்தால் ஆர்எஸ்ஏ 3072 அல்லது 4096 பிட். காலாவதி இரண்டு ஆண்டு போதும். காலாவதியைப் பிறகு நீட்டித்துக்கொள்ளலாம். சாவி தொலைந்துபோனால் அது தானாகவே செல்லாததாகும் என்பதே அதன் பயன்.

சாவி உருவானதும் ஜிபிஜி தன் அடைவுக்குள் ஒரு ரத்துச் சான்றிதழையும் (இந்தச் சாவி இனிச் செல்லாது என்று அறிவிக்க உதவும் கோப்பு) எழுதி வைக்கும். அதையும் தனிச் சாவியின் பிரதியையும் இரண்டு யுஎஸ்பியில் எடுத்து, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். தனிச் சாவி அழிந்தால் அதுவரை வந்த எந்தச் செய்தியையும் யாராலும் திறக்க முடியாது. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற இணைப்பு இந்த உலகத்தில் இல்லை.

படிப்பவர்கள் மூன்று பேர் என்றால் மூன்று சாவிகள் செய்யுங்கள். ஒரே சாவியை மூவரும் பகிர்ந்தால், ஒருவர் விலகும் நாளில் சாவியையே மாற்ற வேண்டிவரும். ஒரு செய்தியை மூன்று பொதுச் சாவிகளுக்கும் சேர்த்து ஜிபிஜி ஒரே முறையில் பூட்டும். செய்தி ஒரு முறைதான் மறையாக்கப்படும். அதற்கான சிறு அமர்வுச் சாவி மட்டும் மூன்று முறை பூட்டப்படும், ஆகவே அளவு அதிகம் கூடாது.

பொதுச் சாவியை 'ஆர்மர்' விருப்பத்துடன் ஏற்றுமதி செய்தால் உரைக்கோப்பாகக் கிடைக்கும். சர்வருக்கு அனுப்பும் முன் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். 'பப்ளிக்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பிரைவேட்' என்று இருந்தால், தவறான கட்டளையால் தனிச் சாவியை எடுத்துவிட்டீர்கள். நகலெடுத்த பின், சாவியை அடையாளம் காட்டும் 40 இலக்கக் கைரேகையை இரண்டு இடத்திலும் ஒப்பிடுங்கள். கடைசி எட்டு இலக்கத்தை மட்டும் ஒப்பிடுவது பழைய வழக்கம். அதே எட்டு இலக்கத்தில் முடியும் போலிச் சாவியைச் சாதாரணக் கணினியிலேயே செய்துவிட முடியும்.

சர்வரில் அமைத்தல்

டெபியன், உபுண்டு வகை லினக்ஸ் சர்வர்களில் வெப் சர்வர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனர் பெயரில் ஓடும். கட்டளைத் திரையில் அழகாக வேலை செய்த ஜிபிஜி, வலைப்பக்கத்திலிருந்து அழைத்தால் தோற்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். நீங்கள் உங்கள் பயனர் பெயரில் சாவியை இறக்குமதி செய்திருப்பீர்கள். வெப் சர்வரோ தன் வீட்டு அடைவில் தேடும். அங்கே எழுத அனுமதி இல்லாததால் 'அடைவை உருவாக்க முடியவில்லை' என்றோ, சாவிக்கொத்து (ஜிபிஜி சாவிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) காலியாக இருப்பதால் 'பொதுச் சாவி இல்லை' என்றோ பிழை வரும்.

பலரும் செய்வது, வெப் பயனரின் பெயரில் ஒரு சாவிக்கொத்து உண்டாக்கி அதில் இறக்குமதி செய்வது. அப்படிச் செய்தால் அடுத்த பிழை காத்திருக்கும்: இந்தச் சாவி உரியவருடையதுதான் என்பதற்கு உறுதியில்லை என்று ஜிபிஜி கேள்வி கேட்கும். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லாததால் வேலை நின்றுவிடும். 'டிரஸ்ட்-மாடல்' விருப்பத்தை 'ஆல்வேஸ்' என்று வைத்துத் தாண்டிவிடலாம். ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, அது போதிய அளவு பேசப்படுவதில்லை.

2.1 வரிசையிலிருந்து ஜிபிஜியில் 'ரெசிப்பியன்ட்-ஃபைல்' என்ற விருப்பம் இருக்கிறது. சாவிக்கொத்தே தேவையில்லை. ஒரே ஒரு பொதுச் சாவி உள்ள கோப்பின் பாதையைக் கொடுத்தால், அதை முழு நம்பிக்கைக்குரியதாக எடுத்துக்கொண்டு பூட்டிவிடும். இதன் அருமை அனுமதிகளில் தெரியும். அந்தக் கோப்பை ரூட் பயனரின் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகியின்) உடைமையாக்கி, மற்றவர்கள் படிக்க மட்டும் முடியும்படி 644 என்று வைக்கலாம். சாவிக்கொத்து வெப் பயனரின் கையில் இருந்தால், தளத்தின் ஏதோ ஒரு ஓட்டை வழியாக நுழைந்தவர் உங்கள் சாவியை எடுத்துவிட்டுத் தன் சாவியைச் செருகலாம். ரூட் உடைமையான கோப்பில் அது நடக்காது.

அத்துடன் 'நோ-ஆப்ஷன்ஸ்' சேருங்கள். இல்லாவிட்டால் வெப் பயனரின் அடைவில் யாராவது ஓர் அமைப்புக் கோப்பை வைத்து, அதில் 'என்க்ரிப்ட்-டு' என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். அன்றுமுதல் ஒவ்வொரு செய்தியும் அவருக்கும் சேர்த்தே பூட்டப்படும். தளத்தின் நிரல்களை எல்லாம் சுத்தம் செய்த பிறகும் அந்த வரி ஓசையின்றி அங்கேயே இருக்கும். பட்டியலில் இயல்பாகத் தெரியாத அடைவுகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இவற்றோடு 'பேட்ச்', 'நோ-டிடிஒய்', 'ஆர்மர்', 'என்க்ரிப்ட்' ஆகியவை சேர்ந்தால் கட்டளை முழுமை. 'ஹோம்டிர்' விருப்பத்தால் 700 அனுமதியுள்ள (உரியவர் மட்டும் நுழையக்கூடிய) ஒரு காலி அடைவைக் காட்டிவிடுங்கள். அது தளக் கோப்புகள் இருக்கும் அடைவுக்கு வெளியே இருக்க வேண்டும். விருப்பங்கள் எல்லாம் இரட்டைச் சிறுகோட்டுடன் தொடங்கும்.

ரெட் ஹேட் வகை சர்வர்களில் இவ்வளவும் சரியாக இருந்தும் தோற்கலாம். அங்கே எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு வெப் சர்வரை ஜிபிஜி இயக்க விடாது. 'எச்டிடிபிடி-யூஸ்-ஜிபிஜி' என்ற இயக்கி இயல்பாக அணைந்திருக்கும் (உண்மைப் பெயரில் சிறுகோட்டுக்குப் பதில் அடிக்கோடு). அதை இயக்குங்கள், எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள்.

நிரலிலிருந்து அழைத்தல்

செய்தியைக் கட்டளை வரியில் வைக்கக் கூடாது. கட்டளை வரியை அதே கணினியின் மற்றப் பயனர்கள் செயல்முறைப் பட்டியலில் படிக்க முடியும். தற்காலிகக் கோப்பிலும் எழுத வேண்டாம். உள்ளீட்டுக் குழாய் வழியாக நேரே ஜிபிஜிக்குக் கொடுங்கள். பிஎச்பி நிரல்மொழியில் 'ப்ராக்-ஓபன்' செயற்கூறு இதற்கானது. 7.4 பதிப்பு முதல் கட்டளையை அணிவரிசையாகத் தரலாம், அப்போது எழுத்தைக் கட்டளையாகப் புரிந்து இயக்கும் ஷெல் நடுவில் வராது. படிவத்தில் ஒருவர் எழுதிய எதுவும் கட்டளையாக மாறிவிடும் ஆபத்து அத்தோடு நீங்கும். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் இச்செயற்கூறு முடக்கப்பட்டிருக்கும். பிஎச்பியின் 'குனுபிஜி' நீட்சி நிறுவியிருந்தால் அது மாற்றுவழி. அதுவும் இல்லையென்றால் இடத்தை மாற்றுவதே நேர்மையான தீர்வு.

சிறிய செய்திகளில் தெரியாத சிக்கல் ஒன்று பெரிய இணைப்புகளில் தலைகாட்டும். லினக்ஸ் குழாயின் கொள்ளளவு இயல்பாக 64 கேபி. நிரல் உள்ளீட்டை முழுவதும் எழுதி முடித்துவிட்டுத்தான் வெளியீட்டைப் படிப்பேன் என்று நின்றால், வெளியீட்டுக் குழாய் நிரம்பி ஜிபிஜி நிற்கும். ஜிபிஜி நின்றதால் நிரலும் நிற்கும். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியீட்டை 'அவுட்புட்' விருப்பத்தால் கோப்பில் எழுதச் சொன்னால் இது தீரும். மறையாக்கிய வடிவம் வட்டில் எழுதப்படுவதில் தீங்கில்லை.

ஜிபிஜி முடிந்ததும் வெளியேறு எண் 0 தானா என்று பாருங்கள். இல்லையென்றால் பயனருக்குப் பிழையைச் சொல்லி நிறுத்துங்கள். 'மறையாக்கம் தோற்றால் சாதாரண மடலாக அனுப்பு' என்று எழுதப்பட்ட நிரல்கள் உண்டு. செய்தி தொலைந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான் அதற்குக் காரணம். விளைவோ, சாவி காலாவதியான நாளிலிருந்து எல்லாமே வெறும் எழுத்தாகப் போகும். யாருக்கும் எந்த எச்சரிக்கையும் வராது.

காலாவதிதான் இந்த அமைப்பு திடீரென நின்றுபோவதற்கு அடிக்கடி காணும் காரணமும். மடிக்கணினியில் காலத்தை நீட்டித்தால் போதும் என்று நினைப்பார்கள். சர்வரில் இருப்பது பழைய பிரதி, அதற்கு நீட்டிப்பு தெரியாது. நீட்டித்த பொதுச் சாவியை மறுபடி ஏற்றுமதி செய்து அந்தக் கோப்பை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக இயக்கும் கிரான் வழியாக ஒரு சோதனைச் செய்தியைப் பூட்டி அனுப்பவையுங்கள். அது வராத வாரம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மடலாக அனுப்புதல்

மடலின் உடலில் பூட்டிய உரையை அப்படியே ஒட்டி அனுப்புவது எளிது. ஆனால் தமிழில் எழுதப்பட்ட செய்திக்கு அது தொல்லை. திறந்த பிறகு உரை எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்று மடல் மென்பொருளுக்குத் தெரியாமல், யூடிஎஃப்-8 எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும். ஆர்எஃப்சி 3156 என்ற இணையத் தர ஆவணம் விவரிக்கும் பிஜிபி-மைம் வடிவில், 'எளிய உரை, யூடிஎஃப்-8' என்ற தலைப்பும் பூட்டுக்குள்ளேயே போகிறது. அதையே பயன்படுத்துங்கள். ஒட்டியே அனுப்புவதென்றால் எச்டிஎம்எல் மடலாக வேண்டாம். வரிகளும் தலைப்புக்குப் பின்வரும் வெற்று வரியும் கலைந்தால், ஓபன்பிஜிபி தரவே இல்லை என்று ஜிபிஜி கைவிரிக்கும்.

பொருள் வரி பூட்டப்படுவதில்லை. 'விவாகரத்து ஆலோசனை வேண்டும்' என்று படிவத்தில் தேர்ந்தெடுத்ததைப் பொருள் வரியில் நிரப்பும் படிவங்கள் மறையாக்கத்தின் பாதிப் பயனை வாசலிலேயே கொட்டிவிடுகின்றன. 'புதிய செய்தி' என்பதற்கு மேல் அங்கே எதுவும் வேண்டாம். எழுதியவரின் முகவரியைப் பதில் முகவரித் தலைப்பில் வைப்பதும் அப்படியே. அதைப் பூட்டுக்குள் முதல் வரியாக எழுதுங்கள்.

படிக்கும் பக்கத்தில் தண்டர்பேர்டு 2020-இன் 78-ஆம் பதிப்பு முதல் ஓபன்பிஜிபியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. அது ஜிபிஜியின் சாவிக்கொத்தைப் பார்க்காது, தனிச் சாவியைத் தனியாக இறக்குமதி செய்ய வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: 2024-இல் வந்த ஆர்எஃப்சி 9580-இன் ஆறாம் வகைச் சாவிகளை ஜிபிஜி ஏற்காது. மறுபுறம் ஜிபிஜி 2.4-இல் செய்த சாவிக்கு அதே 2.4 பூட்டிய செய்தியை வேறு சில மென்பொருள்களால் திறக்க முடியாமல் போகலாம். அந்தச் சாவி ஓசிபி என்ற புதிய மறையாக்க முறையை ஏற்பதாகச் சொல்லிக்கொள்வதே காரணம். 'செட்பிரெஃப்' மூலம் அதை நீக்கி, சாவியை மறுபடி ஏற்றுமதி செய்தால் சரியாகும். ஆகவே படிக்கப்போகும் ஒவ்வொரு கருவியிலும், கைப்பேசி உட்பட, முதலில் திறந்து பாருங்கள்.

பூட்டுக்கு முன்னே கசிவது

ஜிபிஜியின் கையில் சேரும் முன் செய்தி எங்கெல்லாம் பிரதியாகிறது என்பதைத்தான் அமைப்பவர்கள் குறைவாகப் பார்க்கிறார்கள். படிவப் பிளகின்களில் பல, வந்ததைத் தரவுத்தளத்தில் சேமித்துவிட்டுத்தான் மடல் அனுப்பும். சேமிப்பை அணைக்க வேண்டும். 'உங்கள் செய்தி கிடைத்தது, நீங்கள் எழுதியது இதுதான்' என்று எழுதியவருக்கே முழுச் செய்தியையும் திருப்பி அனுப்பும் தானியங்கி மடலையும் அணைக்க வேண்டும். வேண்டாச் செய்தி வடிகட்டும் வெளிச்சேவைகளுக்கு உரை முழுவதும் போகும். பிழைக் கண்காணிப்புச் சேவைகள் படிவ மதிப்புகளையும் அள்ளிச் செல்லலாம். மாட்செக்யூரிட்டி போன்ற தடுப்பரண்கள் தம் தணிக்கைப் பதிவில் கோரிக்கையின் உடலையும் எழுதக்கூடும். தளத்துக்கு முன்னே சிடிஎன் (பக்கங்களை இடையில் நின்று பரிமாறும் வெளிச்சேவை) நின்று டிஎல்எஸை அங்கேயே அவிழ்த்தால், அந்த நிறுவனத்தின் கணினிகளும் செய்தியைப் பார்க்கும்.

தமிழில் எழுதுவோரை இன்னும் அதிகமாகத் தொடும் ஒன்று என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் இருக்கிறது. வழக்கமான 64 பிட் பிசி சர்வர்களில் கோரிக்கை உடலுக்கு அது ஒதுக்கும் நினைவகம் இயல்பாக 8 கேபி. அதைத் தாண்டினால் உடல் முழுவதையுமோ ஒரு பகுதியையோ தற்காலிகக் கோப்பாக வட்டில் எழுதும். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு. சாதாரணப் படிவம் ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாக்கி அனுப்பும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 பைட்டு, புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். 8 கேபியில் சுமார் 900 குறியீடுகள்தான் அடங்கும். ஏறக்குறைய நூறு சொல் எழுதினாலே தமிழ்ச் செய்தி வட்டைத் தொட்டுவிடும். அதே நீள ஆங்கிலச் செய்தி தொடாது. 'கிளையன்ட்-பாடி-பஃபர்-சைஸ்' மதிப்பை 256 கேபி ஆக்குங்கள். பதிவேற்றங்கள் தங்கும் தற்காலிக அடைவுகளை நினைவகத்தில் இயங்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வையுங்கள். நினைவகம் போதாதபோது வட்டைப் பயன்படுத்தும் ஸ்வாப்பை அணையுங்கள் அல்லது மறையாக்குங்கள், இல்லையேல் நினைவகத்தில் வைத்ததும் வட்டுக்கு வந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும், வேறெங்கும் வராத ஒரு சொல்லைச் செய்தியில் வைத்து அனுப்பி, அந்தச் சொல்லைச் சர்வர் முழுவதும் தேடுங்கள்: பதிவுக் கோப்புகள், தரவுத்தளம், அஞ்சல் வரிசை, தற்காலிக அடைவு, மறுநாள் பேக்கப். தேடுசொல் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்ததாக இருக்கட்டும். தமிழ்ச் சொல்லைப் பதிவுகள் பதினறும எண்களாக மாற்றி எழுதுவதால் தேடலில் சிக்காது. மடல்கள் பேஸ்64 என்ற குறியேற்ற வடிவில் இருந்தால் எந்தச் சொல்லும் சிக்காது என்பதால், அஞ்சல் வரிசையைத் திறந்தே பார்த்துவிடுங்கள்.

இந்த அமைப்பு எதைக் காக்காது என்பதையும் தளத்தின் உரிமையாளரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சர்வரை இப்போது பிடித்து வைத்திருப்பவர், செய்தி வந்து விழும் கணத்தில் படிப்பார். காக்கப்படுவது ஏற்கெனவே பூட்டப்பட்டவை. பிரவுசரிலேயே பூட்டும் ஓபன்பிஜிபி.ஜேஎஸ் பதிவுகளிலிருந்தும் தற்காலிகக் கோப்புகளிலிருந்தும் செய்தியை விலக்கும். ஆனால் அந்த நிரலைப் பிரவுசருக்குக் கொடுப்பதும் அதே சர்வர்தான். அதைப் பிடித்தவர் நிரலையும் மாற்றித் தரலாம். தவிர, ஓபன்பிஜிபியில் சிக்னல் செயலியைப் போலத் திறக்கும் சாவி செய்திக்குச் செய்தி மாறுவதில்லை. தனிச் சாவி நாளை களவு போனால், திருடியவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய செய்திகளும் திறக்கும். ஆண்டுக்கொரு முறை மறையாக்கத் துணைச்சாவியை (முதன்மைச் சாவியின் கீழ் பூட்டித் திறக்க மட்டும் பயன்படும் சாவி) மட்டும் புதிதாக்கி, தேவை முடிந்த பழைய மடல்களையும் பழைய துணைச்சாவியையும் சேர்த்து அழிப்பது இந்த இழப்பைக் குறைக்கும்.

சாவி களவு போனதாகச் சந்தேகம் எழுந்தால் முதல் வேலை சர்வரில். பழைய சாவிக்கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். புதியது தயாராகும்வரை படிவத்தை மூடிவையுங்கள். அதன்பிறகு ரத்துச் சான்றிதழை வெளியிடலாம். பொதுச் சாவிகளும் ரத்து அறிவிப்புகளும் வெளியிடப்படும் சாவிக் களஞ்சியங்களை உங்கள் சர்வர் எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் ரத்து அறிவிப்பு அதற்குத் தானாகத் தெரியவராது. அந்தக் கோப்பில் எந்தச் சாவி இருக்கிறதோ அதற்கே அது பூட்டிக்கொண்டிருக்கும்.